தீப்பெட்டிக்குள் அடங்கிய மனிதர்கள்: சிற்பி ஜியாகோமெட்டியைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

ரயில் நடைமேடையின் ஒரு முனையில் நின்றுகொள்ளுங்கள். 30 மீட்டர் தள்ளி ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் நிற்கிறார். ஓர் அளவுகோலைப் பிடித்துக் கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவரை அளந்து பாருங்கள். உச்சந்தலை முதல் பாதம் வரை சுமார் மூன்றரை சென்டிமீட்டர்தான் வருவார். 100 மீட்டர் தள்ளிப் போய்விட்டால் ஒரே ஒரு சென்டிமீட்டர். ஆனால் அவரைப் பற்றி யாராவது விசாரித்தால் "ஐந்தரை அடி ஆள்" என்றுதான் சொல்வோம். கண்ணுக்குக் கிடைத்தது மூன்றரை சென்டிமீட்டர். மீதி முழுவதும் நாம் ஏற்கெனவே தெரிந்துவைத்திருப்பதிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டது. இந்தச் சேர்க்கை நம்மை அறியாமலே நடக்கிறது. அது நடக்காவிட்டால் சாலையைக்கூடக் கடக்க முடியாது.

சேர்த்துக்கொண்டதையெல்லாம் கழித்துவிட்டு, கண்ணுக்குக் கிடைத்ததை மட்டும் களிமண்ணில் வைக்க முடியுமா? ஆல்பர்ட்டோ ஜியாகோமெட்டி என்ற சிற்பி தன் வாழ்நாளின் கடைசி 30 ஆண்டுகளை இந்த ஒரு கேள்விக்கே கொடுத்தார். குச்சிபோல் மெலிந்து, உடலெங்கும் கரடுமுரடாக, நீண்ட கால்களை எட்டிவைத்து நடக்கும் வெண்கல மனிதனின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அது அவருடையது. அந்தச் சிலையைப் பார்க்கிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி, ஏன் இவ்வளவு ஒல்லி என்பதுதான். அதற்கு விடை தேட அவர் சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

1901 அக்டோபர் 10 அன்று, சுவிட்சர்லாந்தில் இத்தாலிய மொழி பேசும் பிரெகாலியா என்ற மலைப் பள்ளத்தாக்கில், போர்கோனோவோ கிராமத்தில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்து ஊரான ஸ்டாம்பாவில். அப்பா ஜியோவன்னி ஜியாகோமெட்டி, வண்ணங்களுக்குப் பெயர்பெற்ற ஓவியர். வீட்டோடு ஓவியக்கூடம், கைக்கெட்டும் இடத்தில் தாளும் பென்சிலும். 13 வயதில் தம்பி டியேகோவை உட்காரவைத்து முதல் தலையைச் செய்தார். அந்த வயதில் கண்ணில் பட்ட எதையும் வரைந்துவிட முடியும் என்ற தெம்பு இருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தெம்பு நிலைக்கவில்லை.

அது உடைந்த கதையையும் அவரே சொல்லியிருக்கிறார். 18, 19 வயதிருக்கும்போது, அப்பாவின் ஓவியக்கூடத்தில் மேசைமேல் இருந்த பேரிக்காய்களை வரைய உட்கார்ந்தார். பேரிக்காய்கள் தாளில் மிகச் சிறியதாக வந்தன. அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். மறுபடியும் அதே குட்டிப் பேரிக்காய். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. இருக்கிறபடியே, பார்க்கிறபடியே வரையச் சொன்னார். மகனும் பெரிதாக்கித் திருத்தினார். அரை மணி நேரம் அழித்து அழித்து வரைந்த பிறகு பார்த்தால், பேரிக்காய்கள் மில்லிமீட்டர் பிசகாமல் பழைய அளவுக்கே வந்து நின்றன.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அப்பா சொன்ன வாக்கியம் இரண்டாகப் பிளந்துகொள்வதுதான். "இருக்கிறபடி" வரைந்தால் பேரிக்காய் உள்ளங்கை அளவு. "பார்க்கிறபடி" வரைந்தால், மேசைக்கு அப்பால் இருக்கும் பேரிக்காய் விரல்நுனி அளவு. அப்பாவுக்கு இரண்டும் ஒன்று. நம் எல்லோருக்கும் ஒன்றுதான். மகனுக்கு மட்டும் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துபோயின.

1920இல் அப்பாவோடு இத்தாலிக்குப் போனார். வெனிஸ் நகரில் தின்தொரெத்தோவின் ஓவியங்களில் மயங்கிக் கிடந்தார். அடுத்து பதுவா நகரத் தேவாலயத்தில் ஜியோத்தோவின் சுவரோவியங்களைப் பார்த்ததும் நெஞ்சில் ஓங்கி அடித்ததுபோல் இருந்ததாம். அன்று மாலையே தெருவில் இரண்டு மூன்று இளம்பெண்கள் அவருக்கு முன்னால் நடந்து போனார்கள். சாதாரணப் பெண்கள்தான். ஆனால் அந்தக் கணத்தில் அவர்கள் எந்த அளவுக்கும் அடங்காத பேருருவங்களாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அதுவரை பார்த்த ஓவியங்கள் எல்லாம் சுருங்கிவிட்டன. வீட்டில் பேரிக்காய் சிறுத்தது, தெருவில் மனிதர்கள் பெருத்தார்கள். உயிருள்ள ஆளைப் பார்க்கும்போது கண்ணில் நிகழ்வதற்கு அளவுகோல் உதவாது என்பது 20 வயதுக்கு முன்பே அவருக்குள் பதிந்துவிட்டது.

1922 தொடக்கத்தில் பாரிஸ் வந்து, புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோடினிடம் உதவியாளராக இருந்த பூர்தெல் என்ற சிற்பியிடம் பாடம் கற்றார். வகுப்பில் மாதிரியாக ஒருவர் நிற்பார், பார்த்துச் செய்ய வேண்டும். ஜியாகோமெட்டியால் முடியவில்லை. முழு உருவத்தைப் பார்த்தால் முகம் தப்பியது. முகத்தைப் பார்த்தால் மூக்கின் நுனியிலிருந்து கண்ணின் ஓரம் வரைக்குமான தூரமே பாலைவனம்போல் விரிந்தது. சில ஆண்டுகள் முயன்றுவிட்டு, ஆளைப் பார்த்துச் செய்வதையே நிறுத்திவிட்டார்.

அடுத்த பத்தாண்டுகளை நான் வேகமாகவே கடக்கப்போகிறேன், அவர் முதலில் புகழ் பெற்றதே அந்தக் காலத்தில்தான் என்றாலும். மேற்கு ஆப்பிரிக்க டான் மக்களின் மரக்கரண்டியைப் பார்த்துக் 'கரண்டிப் பெண்' செய்தார். தட்டையான பிளாஸ்டர் பலகையில் இரண்டே இரண்டு பள்ளங்கள் வைத்து 'பார்க்கும் தலை' செய்தார். 1930இல் 'தொங்கும் பந்து' வந்தது: ஓர் இரும்புச் சட்டத்துக்குள், அடியில் பிளவுள்ள பந்து ஒன்று கயிற்றில் தொங்கி, கீழே இருக்கும் பிறைவடிவத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஆந்த்ரே பிரெத்தோனும் சல்வதோர் தாலியும் அதைப் பார்த்து வியந்து, இவரைத் தங்கள் சர்ரியலிசக் குழுவுக்குள் அழைத்துக்கொண்டார்கள். கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க விரும்பிய குழு அது. குச்சி, கண்ணாடி, கம்பி, நூல் கொண்டு 1932இல் செய்த 'அதிகாலை 4 மணி அரண்மனை' இன்றும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகான படைப்பு. வயிற்றுப்பாட்டுக்குத் தம்பி டியேகோவோடு சேர்ந்து உள்ளலங்கார வடிவமைப்பாளர் ஒருவருக்கு விளக்குகளும் பூச்சாடிகளும் செய்துகொடுத்தார்.

1935இல் திரும்பவும் ஓர் ஆளை எதிரே உட்காரவைத்து, தலை செய்ய ஆரம்பித்தார். சர்ரியலிசக் குழுவுக்கு அது துரோகமாகப் பட்டது. தலை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியுமே என்று பிரெத்தோன் கேட்டதாகச் சொல்வார்கள். குழுவோடு உறவு முறிந்தது. அந்தக் கேள்விக்கு ஜியாகோமெட்டியின் பதில் எளிமையானது: எனக்குத் தெரியாது. காலையில் டியேகோ, பிற்பகலில் ரீட்டா என்ற மாதிரிப் பெண் எதிரே உட்கார, ஆண்டுக்கணக்கில் தினமும் அதே வேலை. தம்பி முகத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறார். ஆனாலும் எதிரே உட்காரவைத்ததும், அதுவரை பார்த்தே இராத முகமாக அது மாறியது.

இந்தக் காலத்தில்தான் சிலைகள் சிறுக்கத் தொடங்கின.

1937இல் ஓரிரவு, இசபெல் என்ற தோழி பாரிஸின் சேன் மிஷேல் பெருந்தெருவில் தூரத்தில் நிற்பதைக் கண்டார். இருண்ட கட்டடங்களின் பேருயரத்துக்குக் கீழே சின்னஞ்சிறு உருவம். ஆனாலும் அது அவளேதான், முழுமையாக, வேறு யாருமாக இருக்க முடியாதபடி. அந்தக் காட்சியைச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தார். அந்தத் தூரத்தை எப்படிச் செய்வது? ஓவியன் என்றால் சுற்றிலும் இருட்டையும் கட்டடங்களையும் தீட்டிவிடலாம். சிற்பியின் கையில் இருப்பது ஆள் மட்டும்தான், வெளி இல்லை. ஆகவே ஆளைச் சிறிதாக்கினார், அடியிலிருக்கும் பீடத்தைப் பெரிதாக்கினார். விரலளவு உருவத்தைக் கனமான பீடத்தின்மேல் நிறுத்தினால், நாம் எவ்வளவு அருகில் குனிந்து பார்த்தாலும் அது தள்ளியே நிற்கிறது. பீடம்தான் அந்தத் தூரம். இதைப் புரிந்துகொண்டால் அவருடைய பாதி வேலை புரிந்துவிடும்.

ஆனால் சிறுத்தது அவருடைய கட்டுப்பாட்டில் இல்லை. 1941 கடைசியில் அம்மாவைப் பார்க்க ஜெனீவா போனவர், போர்க்காலத்தில் விசா கிடைக்காமல் அங்கேயே தங்கிப்போனார். ஓட்டல் அறை ஒன்றில் வேலை. பெரிதாகத் தொடங்கும் ஒவ்வோர் உருவமும், நாள்தோறும் கத்தியால் சீவிச் சீவி, கடைசியில் ஊசியளவாகி, இன்னொரு முறை கத்தி பட்டதும் தூளாகிக் காணாமல் போனது. நான்கு ஆண்டு உழைப்பில் மிஞ்சியதைத் தீப்பெட்டிகளில் போட்டு எடுத்துக்கொண்டு 1945இல் பாரிஸ் திரும்பினார். டியேகோ அதுவரை அண்ணனின் பட்டறையை அப்படியே காத்துவைத்திருந்தார்.

திரும்பியவர் ஓர் உறுதி எடுத்தார்: இனி உருவத்தைச் சிறுக்க விடுவதில்லை. உயரத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். உயரம் நின்றது, அகலம் போய்விட்டது. உயரமாகவும் மெலிந்தும் இருந்தால்தான் அந்த உருவங்கள் பார்த்த ஆளைப் போல இருந்தன, அது தனக்கே வியப்பாக இருந்தது என்று நியூயார்க் ஓவிய வணிகர் பியேர் மத்தீஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஒல்லியாகச் செய்ய வேண்டும் என்று திட்டமிட்டு அவர் தொடங்கவே இல்லை.

அகலம் ஏன் போகிறது? மறுபடியும் நடைமேடைக்கு வருவோம். தூரத்தில் ஒருவர் நம்மை நோக்கி வருகிறார். தோள் அகலம் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று நாம் பார்ப்பதில்லை. ஓர் ஆள் வருகிறார் என்பது ஒரே வீச்சில் தெரிகிறது, நிமிர்ந்த ஒரு கோடுபோல. உடலின் கனம் கண்ணுக்கு எட்டுவதில்லை, அசைவும் நிமிர்வும் எட்டுகின்றன. அருகே வந்ததும் இன்னொன்று நடக்கிறது. நேருக்கு நேர் ஒரு முகத்தைப் பார்க்கும்போது பக்கவாட்டு முகம் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் நேர்முகம் மறைந்துவிடும். இரண்டையும் ஒருசேர யாராலும் பார்க்க முடியாது. 1954இல் அவர் செய்த ஒரு பெரிய தலை, முன்னாலிருந்து பார்த்தால் கத்தி விளிம்பளவு மெல்லியது. பக்கத்தில் நகர்ந்தால் திடீரென்று டியேகோவின் பக்கவாட்டு முகம் விரிந்து நிற்கும். நம் அனுபவம் எப்படித் துண்டாகிறதோ அப்படியே அந்தத் தலையும் துண்டாகியிருக்கிறது.

மெய்யியலாளர் சார்த்தர் இதைக் கூர்மையாகப் பிடித்தார். 1948 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த கண்காட்சிக்கு அவர் எழுதிய கட்டுரையின் மையம் இது: பழைய சிலைகளின் அருகே போகப்போகப் புதுப்புது விவரங்கள் தெரியும், இவர் சிலைகளோ எவ்வளவு கிட்டப் போனாலும் தம் தூரத்தை விட்டுத்தருவதில்லை. கிட்டப் போனால் கிடைப்பது விரல் பதிந்த களிமண் மேடுகள் மட்டுமே. பின்னால் நகர்ந்தால் மறுபடி ஆள் வந்து நிற்பார்.

அந்தக் கண்காட்சியில் இடம்பெற்ற 'சுட்டிக்காட்டும் மனிதன்' ஒரே இரவில் உருவானது. முன்பு செய்ததைப் பிடிக்காமல் உடைத்துவிட்டு, நள்ளிரவில் ஆரம்பித்து, காலை 9 மணிக்கு, அதை வெண்கலத்தில் வார்ப்பவர்கள் வந்தபோது முடித்திருந்தார். பிளாஸ்டர் அப்போதும் ஈரமாக இருந்தது.

போர் முடிந்த உடனே வந்த உருவங்கள் என்பதால், வதைமுகாம்களின் எலும்புக்கூடு மனிதர்களை, போருக்குப் பிந்தைய தனிமையைப் பலர் இவற்றில் கண்டார்கள். இன்றும் பெரும்பாலான அறிமுகங்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. அந்த உணர்வு பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் வாழ்ந்த எவருடைய கையிலும் அது கலந்திருக்கும். ஆனால் அதையே காரணமாக்கினால் பேரிக்காய் விடுபட்டுப்போகும், பதுவாவின் பெண்கள் விடுபட்டுப்போவார்கள். வேலை செய்யும்போது தனிமை என்ற பொருளைத் தான் ஒருபோதும் நினைத்ததில்லை என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சை நம்பலாம் என்பது என் எண்ணம்.

சிற்பம் என்றதும் உளியும் கல்லும்தான் நினைவுக்கு வரும். கல்லில் வேண்டாததைக் கழிக்க வேண்டும், கழித்ததை ஒட்டவைக்க முடியாது. ஜியாகோமெட்டி பெரும்பாலும் களிமண்ணிலும் பிளாஸ்டரிலும் வேலை செய்தவர். நடுவே ஒரு கம்பியை எலும்புபோல் நிறுத்தி, அதன்மேல் மண்ணை அப்பி, விரலால் அழுத்தி, கத்தியால் சீவி, மீண்டும் அப்புவார். இரவில் மண் காயாமலிருக்க ஈரத்துணி சுற்றிவைப்பார். மறுநாள் துணியை அவிழ்த்துவிட்டு முந்தைய நாள் வேலையைக் கலைப்பார். பலமுறை உருவத்தைக் காப்பாற்றியவர் டியேகோதான். அண்ணன் கலைப்பதற்குள் பிளாஸ்டரில் அச்சு எடுத்துவிடுவார். 1956 வெனிஸ் கலைக் கண்காட்சிக்காகச் செய்த 'வெனிஸ் பெண்கள்' வரிசை இப்படிப் பிறந்ததுதான். ஒரே கம்பி, ஒரே மண். சில வாரங்களில் அது எடுத்த வெவ்வேறு வடிவங்களைத் தம்பி அச்செடுத்துப் பிடித்துவைத்தார். அவற்றில் எது முடிந்தது, எது முடியாதது என்ற கேள்விக்கே இடமில்லை.

ஓவியத்திலும் இதே போராட்டம்தான். சிற்பி ஓய்வுநேரத்தில் தீட்டிய படங்கள் என்று அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. நாற்காலி இருக்க வேண்டிய இடத்தைத் தரையில் சிவப்பு வண்ணத்தால் குறித்துவைத்திருப்பார், தூரம் ஓர் அங்குலமும் மாறக் கூடாது. சாம்பல், கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் மண்நிறம். மெல்லிய தூரிகையால் கோடுகோடாகத் தலையைக் கட்டுவார். பிறகு சாம்பல் நிறத்தால் அழிப்பார், மறுபடி கட்டுவார். படத்தின் ஓரங்களில் இன்னொரு சட்டம் வரைந்து, உருவத்தை உள்ளே தள்ளுவார். சிலைக்குப் பீடம் செய்த வேலையை ஓவியத்தில் அந்தச் சட்டம் செய்கிறது. 1964இல் ஜேம்ஸ் லார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரை ஒரு பிற்பகல் உட்காரச் சொன்னார். அது 18 நாட்கள் நீண்டது. ஜப்பானிய மெய்யியல் பேராசிரியர் இசாகு யனைஹாரா 1956 முதல் 1961 வரை பாரிஸ் வரும்போதெல்லாம், மொத்தம் 200 முறைக்கு மேல் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அசையாமல் உட்கார்ந்த அவர் பொறுமைக்கும் அந்த ஓவியங்களில் ஒரு பங்கு உண்டு.

இத்தனையும் நடந்தது பாரிஸின் இப்போலித் மேந்த்ரோன் தெருவில், சுமார் 23 சதுர மீட்டர் பரப்புள்ள ஒற்றை அறையில். கழிப்பறை முற்றத்தில், தண்ணீரும் வெளியேதான். 1926 டிசம்பரில் குடிபுகுந்தவர், 1949இல் மனைவியான அன்னெத் கேட்டும், உலகப் புகழ் வந்த பிறகும், அந்தப் பட்டறையை விடவில்லை. 1962இல் வெனிஸில் சிற்பத்துக்கான பெரும் பரிசு கிடைத்தது. நியூயார்க் வங்கி ஒன்றின் வானளாவிய கட்டடத்துக்கு முன்னுள்ள திறந்தவெளிக்காக, அந்த இடத்தைப் பார்க்காமலே சிலைகள் செய்யத் தொடங்கி, திருப்தி வராமல் கைவிட்டார். கைவிட்ட அந்த வேலையிலிருந்து பிழைத்ததுதான் 1960இன் 'நடக்கும் மனிதன்', 183 சென்டிமீட்டர் உயரம். அதன் ஒரு வார்ப்பு 2010இல் லண்டன் ஏலத்தில் 6.5 கோடி பவுண்டுக்குப் போனது. ஒரே இரவில் பிறந்த 'சுட்டிக்காட்டும் மனிதன்' 2015இல் 14.1 கோடி டாலரைத் தாண்டியது. சுவிட்சர்லாந்து 1998இல் வெளியிட்ட 100 பிராங்க் நோட்டில் அவர் முகமும் நடக்கும் மனிதனும் இருந்தார்கள்.

அவர் சிலை ஒன்றை நேரில் பார்க்கும் வாய்ப்பு வந்தால், சூரிச் கலை அருங்காட்சியகத்திலோ, அவர் பட்டறையை மீண்டும் அமைத்து 2018இல் பாரிஸில் திறந்த ஜியாகோமெட்டி நிலையத்திலோ, அறையின் எதிர்மூலையிலிருந்து தொடங்குங்கள். மெதுவாகக் கிட்டப் போங்கள். எந்த அடியில் ஆள் மறைந்து மண்மேடு தெரிகிறது என்று கவனியுங்கள். அங்கிருந்து ஓர் அடி பின்னால் வாருங்கள். பாதங்களைப் பார்க்க மறக்காதீர்கள். உடல் எவ்வளவு மெலிந்தாலும், பாதம் மட்டும் பருத்து, தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தில்தான் பார்க்க முடிகிறது என்றால், கீழே கொடுத்திருக்கும் உயரத்தை முதலில் படியுங்கள். படங்களில் 8 சென்டிமீட்டர் சிலையும் 8 அடிச் சிலையும் ஒரே அளவாகத் தெரிந்துவிடும், இவர் விஷயத்தில் அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கடைசி ஆண்டுகளில் அவர் எதிரே உட்கார்ந்தவர் எலி லோதார். ஒரு காலத்தில் பேர்பெற்ற ஒளிப்படக் கலைஞர், பிறகு எல்லாவற்றையும் இழந்து நின்றவர். மூன்றாவது மார்பளவுச் சிலை களிமண்ணில் பாதியில் இருந்தபோது ஜியாகோமெட்டி சுவிட்சர்லாந்துக்கு மருத்துவமனைக்குப் போனார். 1966 ஜனவரி 11 அன்று கூர் நகரில் இறந்தார். அதன் பிறகு டியேகோ பாரிஸ் பட்டறைக்கு வந்து கதவைத் திறந்தார். குளிரில் மண்ணும், அதைச் சுற்றியிருந்த ஈரத்துணியும் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவசரப்பட்டு உரித்தால் முகம் பெயர்ந்துவிடும். அடுப்பை மூட்டி, பட்டறை சூடாகும்வரை காத்திருந்து, துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.